ரெண்டு விசிலுக்குப் புறப்படும் காய்கறி வண்டி

எங்கள் அத்தை டீ குடிப்பதை நீங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டாள். காலை அகட்டி வைத்து, இடுப்பைச் சுவரில் லேசாக அண்டக் கொடுத்து, நின்றபடியே குடிப்பாள். வீடு திடீரென்று பிரேக் போட்டாலும் அவள் தம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது. பாதி வாழ்க்கையை பஸ் கண்டக்டராக நின்றே கழித்தவள். தரை அசையாமல் இருக்கும் என்பதில் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணம் ஆனவள்தான். "மாமா எங்க அத்தை?" என்று கேட்டால், "அவர் வேற ரூட்டுக்கு மாறிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதற்கு மேல் கேட்க எனக்கே வாய் வராது. எனக்கு வாய் வராத இடங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு என்று என் பழைய வாத்தியார்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள்.

பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தது. கண்டக்டர்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு பிளாஸ்க் கொடுத்து, கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை ஒரு இரும்புப் பெட்டி, ஒரு தோல்பை, கழுத்தில் ஒரு விசில், கையில் அந்தப் பிளாஸ்க் என்று எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே சமையல்கட்டில் நாங்கள் தட்டோடு முட்டி மோதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நடுவுல இடம் காலியாக் கிடக்கு பாரு, உள்ள போ, உள்ள போ!" என்று ஒரு அதட்டல். அப்பா தன்னையறியாமல் உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீடு ஊரைத் தாண்டிக் கடைசி. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தக்காளி, பீன்ஸ், வெள்ளரி, முள்ளங்கி, கேரட், கீரை, கொஞ்சம் பூசணி, வேலியோரம் நாலைந்து எலுமிச்சை மரம். விடிந்தும் விடியாமல் பறித்துப் பெட்டியில் அடுக்கி வைப்போம். மொத்த வியாபாரியின் லாரி வரும். அந்த மனிதர் ஒவ்வொரு வெள்ளரியாக எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்சம் வளைந்திருந்தால் ஒதுக்கிவிடுவார். பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரியே இருக்கும். பாதிக் காய் பெயில். எனக்கு அந்த வெள்ளரிகள் மேல் தனிப் பாசம் வந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

சில நாள் லாரி வரவே வராது. ஏன் வரவில்லை என்று கேட்டால், "மார்க்கெட்ல தக்காளி வெள்ளம்" என்று போனை வைத்துவிடுவார். பழுத்த தக்காளிக்கு அந்த விளக்கம் புரியாது. அது பாட்டுக்கு மேலும் பழுக்கும்.

இப்படி நொந்துபோயிருந்த சமயத்தில்தான் புல் கம்பெனிக்காரர் வந்தார். பெரிய பெரிய வீடுகளுக்கு முன்னால் பாய் மாதிரி விரிப்பார்களே, அந்தப் புல். அதை வளர்க்க எங்கள் நிலம் முழுவதையும் நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டார். வேண்டுமானால் அப்பாவே அதற்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் சேர்ந்துகொள்ளலாமாம். எங்கள் அப்பா பிறந்ததிலிருந்து புல்லைப் பிடுங்கி எறிகிற மனிதர். அவரிடமே வந்து புல் வளர்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அப்பா கோபப்படவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"யோசிக்க என்னடா இருக்கு?" என்றாள் அத்தை.

"வேற என்னக்கா பண்றது? காயைத் தோட்டத்துல வச்சுக்கிட்டு லாரிக்காரன் வருவானான்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டே உட்காரச் சொல்றியா?"

"நீ எதுக்கு ரோட்டைப் பார்க்கணும்? ரோட்டுல நிக்கிறவங்க உன்னைப் பார்க்கட்டும். நாமளே கொண்டுபோவோம்."

"தலையில கூடை வச்சுக்கிட்டா?"

"பஸ்ல."

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பழைய வேன் ஒன்றைத் தன் சேமிப்பில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சீட்டையெல்லாம் கழற்றி, இரண்டு பக்கமும் பெட்டிகள் வைக்கச் சட்டம் அடித்தாள். மேலே பிடித்துக்கொள்ளும் கம்பியை மட்டும் கழற்ற விடவில்லை. பின்வாசலில் ஏறி, காயைப் பார்த்துக்கொண்டே நடந்து, முன்வாசல் பக்கம் காசு கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். வண்டியின் முதுகில் "குழந்தைகள் உள்ளே, கவனம்" என்று எழுதியிருந்தது. முதல் சொல்லை மட்டும் சுரண்டிவிட்டு "கத்தரிக்காய்கள்" என்று எழுதினேன். எங்கள் தோட்டத்தில் கத்தரிக்காயே கிடையாது. அடுத்த போகத்தில் போட வேண்டியதாயிற்று.

அப்பா டிரைவர். அத்தை கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிறுத்தணும், ரெண்டு விசில் என்றால் எடுக்கணும். ஆஸ்பத்திரியின் பின்கேட், தையல் ஃபேக்டரி, மாடிவீடுகள் இருக்கும் தெரு, சலவைக்கடை முக்கு, கடைசியாக நூலகம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு நேரம். லாரிக்காரர் பழக்கிய பழக்கத்தில் விடியற்காலையில் பறித்து, காலையிலேயே கிளம்பிவிடுவார்கள்.

முதல் வாரம் ஈ காக்கா ஏறவில்லை. ஆனாலும் அத்தை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டியை நிறுத்துவாள். கதவைத் திறப்பாள். நேரம் ஆகும்வரை நின்று, ரெண்டு விசில் ஊதிக் கிளப்புவாள். அப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, ஒரு ஆள் கூட இல்லியே. எதுக்கு நிக்கணும்? நேரா போயிருவோமே?"

"ஆள் இல்லைன்னா ஸ்டாப்பை எடுத்துருவியா? ஆள் வர்றதுக்குத்தான்டா ஸ்டாப்பு. இந்த நேரத்துக்கு இந்த இடத்துக்கு வண்டி வரும்னு தெரிஞ்சாதான் ஜனம் வந்து நிக்கும். தெரியறவரைக்கும் நாம நிக்கணும்."

ஜனமும் வந்தது. முதலில் சலவைக்கடைக்காரர் என்ன இது என்று எட்டிப் பார்த்தார். பிறகு மாடிவீடுகளிலிருந்து ஒரு அம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வளைந்த வெள்ளரியை யாரும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை. முறித்துத் தின்று பார்த்தார்கள். கொஞ்ச நாளில் "காய் பஸ் வந்தாச்சு" என்று தெருவில் குரல் கேட்க ஆரம்பித்தது.

நூலக ஸ்டாப்பில் மட்டும் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். அவர் கடை எதிரிலேயே. தினமும் வருவார். எல்லா எலுமிச்சையையும் முகர்ந்து பார்த்து, ஒன்றே ஒன்று வாங்குவார். அதற்கு முன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு."

"உங்க வாட்ச் ஓடுதா, நடக்குதா?"

"நான் ரிப்பேர் பண்ணின வாட்ச்சும்மா இது."

"அதான் கேட்டேன்."

இப்படி ஒரு நாளாவது சண்டை போடாமல் அவர் எலுமிச்சை வாங்கியதில்லை. ஆனால் அவர் நிற்காத ஒரு நாள் அத்தை வண்டியை விட்டு இறங்கி, அவர் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள் என்று அப்பா சொன்னார். கேட்டால், "சில்லறை பாக்கி" என்றாளாம். பாக்கி எதுவும் இல்லை. எனக்குத் தெரியும், அத்தைக்கு வேண்டியது வியாபாரம் மட்டும் இல்லை. தன்னை எதிர்பார்த்து யாராவது ரோட்டோரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாம் சரி. ஆனால் மத்தியானம் வண்டி வீடு திரும்பும்போது பின்கதவைத் திறந்தால், பாதிப் பெட்டிகள் அப்படியே இருக்கும். கீரை தலை தொங்கி, பீன்ஸ் சுருங்கி, வெயிலில் ஊர்வலம் போய்வந்த களைப்பு அதுகள் முகத்தில் தெரியும். அம்மா பிரித்து மாட்டுக்கு வைப்பாள். மாடு மட்டும் எங்கள் வியாபாரத்தால் நல்ல லாபம் பார்த்தது.

புல்லுக்காரர் மறுபடியும் வந்து காகிதத்தை நீட்டினார். அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரே உன்னை மெச்சுதுக்கா. இல்லேங்கல. ஆனா மெச்சிக்கிட்டே பாதிக் காயைத் திருப்பி அனுப்புதே? தக்காளி இன்னும் ஒரு வாரத்துல முடிஞ்சிரும். இந்த ஒரு வாரம் தினமும் வண்டி காலியா வீட்டுக்கு வரட்டும். வந்தா புல்லும் கிடையாது, பூண்டும் கிடையாது. ஒரு நாள் காயோட திரும்பினாலும் நான் கையெழுத்துப் போட்டுருவேன். சரியா?"

"சரி" என்றாள் அத்தை, நின்றுகொண்டே.

ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்கு வர ஒரு வீடு இருந்தது. இந்த வீட்டிலும் வேலை போனால், ரெண்டாவது தடவை அனுப்ப வேறு வீடு கிடையாது. அம்மா அவள் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

அந்த வாரம் அத்தை ஆடாத ஆட்டமில்லை. "தக்காளி எடுக்கறவங்க எடுங்க, எடுக்காதவங்க எடுக்கறவங்களுக்கு வழிவிடுங்க!" என்று கத்தினாள். கீரையைச் சும்மா கொடுத்தாவது தீர்த்தாள். எப்படியோ தினமும் வண்டி காலியாக வந்தது. அப்பா பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் போய்விடுவார். ஆனால் போகிற வழியில் விசில் அடிப்பார்.

கடைசி நாள் மழை. சும்மா இல்லை, வானம் கவிழ்த்துக் கொட்டுகிற மழை. ஸ்டாப்புகளில் ஆளே இல்லை. குடையோடு வந்த ஒன்றிரண்டு பேரும் தூக்க முடிந்ததை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நூலகத்துக்கு வந்தபோது வண்டி நிறையத் தக்காளியும் பீன்ஸும் பூசணியும் மிச்சம். வண்டியின் கூரை நடுவில் ஒழுக, சரியாக அதன் அடியில் அத்தை நனைந்துகொண்டு நின்றாள்.

"முன்னாடி வந்து உட்காருக்கா. சளி பிடிச்சா விசில் ஊத முடியாது" என்றார் அப்பா.

நேரம் முடிந்திருந்தது. அத்தை முன்வாசலில் இறங்கி, அதைச் சாத்திவிட்டு, சுற்றிவந்து பின்வாசலில் நின்று "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினாள். தகரக் கூரையில் மழை போட்ட சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு விசில். அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக உட்கார்ந்துகொண்டு ஊதிய விசில் அது.

வீட்டில் அம்மாவும் நானும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம். அம்மா பின்கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"என்னங்க, உள்ள ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்."

"எங்க?"

"பூசணிக்காய் மேல."

வாட்ச் ரிப்பேர்காரர். அத்தை முன்வாசலில் இறங்கிச் சுற்றி வருவதற்குள் பின்வாசலில் ஏறியிருக்கிறார். எலுமிச்சைப் பெட்டி அடிவரிசையில் இருந்ததால், குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். கதவு சாத்தினதும் கத்தியிருக்கிறார்.

"இது எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டார், ரொம்ப மரியாதையாக.

"டிப்போங்க" என்றேன்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புல கேரட்டால தட்டினேன். கேரட்டு உடைஞ்சதுதான் மிச்சம்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அத்தை பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என் சர்வீஸ்ல ஒரு ஆளை இப்படி மறந்து உள்ள வச்சுப் பூட்டினதில்ல" என்றாள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தோல்பைக்குள் போட்டாள். "தம்பி, அந்தப் புல்லுக்காரரை வரச் சொல்லு. நான் இதுக்கு லாயக்கு இல்ல."

"புல்லு கில்லு எல்லாம் அப்புறம் பேசுங்கம்மா" என்றார் வாட்ச்காரர். "அங்க என் கடை திறந்து கிடக்கு. எங்க ஏத்தினீங்களோ அங்க இறக்கிவிடுங்க."

அம்மா அவருக்குத் துண்டும் டீயும் கொடுத்தாள். வண்டி கிளம்ப மறுத்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, திட்டி, மறுபடி மாட்டுவதற்குள் மழை விட்டு, மஞ்சள் வெயில் அடித்து, சாயங்காலம் ஆகிவிட்டது.

"பெட்டியெல்லாம் இறக்கிரலாமா?" என்றாள் அம்மா.

"ஏற்கெனவே நேரமாச்சு. இருக்கட்டும்" என்றார் அப்பா.

நானும் தொற்றிக்கொண்டேன். வாட்ச்காரர் தன் பூசணிக்காயிலேயே போய் உட்கார்ந்தார். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். எங்கள் வண்டியில் அவள் குரல் இல்லாமல் போனது அன்றுதான். இன்ஜின் சத்தம் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி பின்கேட்டில் ஷிப்ட் விட்டிருந்தது. ஒரு நர்ஸம்மா ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினாள். அப்பா பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"சாயங்காலமும் வருமா இது? சொல்லவே இல்லியே! காலையில உங்க வண்டியை நான் ஜன்னல் வழியாத்தான் பார்க்கறேன். ஊசியும் கையுமா எப்படி இறங்கி வர்றது?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே.

"முதல்ல என்னை இறக்கிவிடுங்க" என்று வாட்ச்காரர் முனகினார். யாருக்கும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே பையைப் பிரித்துப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். "இந்தத் தக்காளி கொஞ்சம் வெடிச்சிருக்கு. இன்னிக்கே சமைச்சிருங்க. நாளைக்கு வந்து என்னைத் திட்டக்கூடாது."

தையல் ஃபேக்டரி வாசலில் வேலை விட்டுப் பெண்கள் பொலபொலவென்று வந்தார்கள். மாடிவீடுகள் தெருவில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஆபீஸ்காரர்கள், "வீட்டுல என்ன வாங்கிட்டு வரச் சொன்னா?" என்று போனில் கேட்டபடி ஏறினார்கள். அத்தை கம்பியை விட்டாள். நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

"அடி மடச்சி! பஸ்ஸு எப்பக் கூட்டமா இருக்கும்னு எனக்கா தெரியாது? பாதி ஆயுசு சாயங்காலக் கூட்டத்துல நசுங்கினவ நான்! லாரிக்காரன் காலையில வந்தான்னு நாமளும் காலையிலேயே சுத்திக்கிட்டிருந்தோமே!"

அடுத்த நிமிஷம் அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "ஏறுங்க, ஏறுங்க! வாங்கினவங்க முன்வாசல்ல இறங்குங்க! ஐயா, பீன்ஸை எண்ணி எண்ணிப் போடாதீங்க, உங்களைக் கடிக்காது!"

நூலகத்துக்கு வந்தபோது பெட்டிகளின் அடி தெரிந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். வாட்ச்காரர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பூசணியைத் தட்டிப் பார்த்தார்.

"இதையும் கட்டும்மா. இவ்வளவு நேரம் மேல உட்கார்ந்துட்டு வாங்காமப் போனா நல்லா இருக்காது."

அத்தை அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க" என்றாள். அவர் மணிக்கட்டைத் திருப்பினார். வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு, பூசணியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, உங்க டிப்போக் கணக்குல ஒரு டிரிப் எப்ப முடியும்?"

"கடைசி ஆள் இறங்கினதும்."

"அவர் இப்பதானே இறங்கினார்?"

அத்தை வாட்ச் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மத்தியானம் நாம வீட்டுக்குப் போனது திரும்பினதா ஆகாது. வழியில சும்மா நிறுத்தினதுதான். இப்பத்தான் திரும்பப் போறோம். வண்டி காலி."

மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கூரையும் ஒழுகவில்லை. ஆனாலும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தின் சுவரை அவ்வளவு கவனமாக நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

புல்லுக்காரர் மறுநாள் வந்தார். அப்பா அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், களை பிடுங்கிக் குவித்திருந்த இடத்தைக் காட்டினார். "புல்லுதானே சார்? எல்லாத்தையும் எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

இப்போது நாங்கள் வெயில் தாழ்ந்துதான் பறிக்கிறோம். பறித்த காயின் வெயில் சூடு ஆறுவதற்குள் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறது. காய் கழுவி அடுக்கத் தனியாக ஒரு கொட்டகை போட்டாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரர் தன் கீரையையும் முட்டையையும் எங்கள் வண்டியில் அனுப்புகிறார். அவர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காளான் வளர்க்கலாமா என்று அத்தையிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள், எங்களுக்கு மட்டும் ஏன் ஸ்டாப் இல்லை என்று அப்பாவை வழிமறித்துச் சண்டை போட்டார்கள். அதனால் இன்னொரு வேன் வாங்கினோம். ஓட்ட ஆள் கிடைத்துவிட்டார். கண்டக்டர்தான் கிடைக்கவில்லை. வந்தவர்களை எல்லாம் அத்தை "குரல் பத்தாது", "நிக்கத் தெரியல" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் கேரட் கழுவிக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல், "அண்ணி, நான் போகட்டுமா?" என்றாள்.

கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். எங்கள் அம்மா சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே கிடையாது. கோழியை விரட்டுவதென்றால் கூட அதனிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காலை அகட்டி நில்லு" என்றாள்.

அன்று முதல் வேலை முடிந்ததும் அம்மா பீன்ஸ் பந்தலுக்கு நடுவில் போய் நின்றுகொள்கிறாள். "ஆத்துப்பாலம் இறங்கறவங்க இறங்குங்க..." என்று பீன்ஸுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். ஒரு பீன்ஸும் அசையாது.

"இன்னும் சத்தமா!" என்று அத்தை கொட்டகையிலிருந்து கத்துவாள். "கடைசி வரிசையில ஒரு கிழவி தூங்கிட்டிருக்கா. அவ இறங்க வேணாமா?"

நேற்று அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "இருங்க, இருங்க, முட்டையை எடுத்துட்டு வந்துடறேன்!" என்று ஓடி வந்தார்.